ஓட்டுப் போட பரீட்சை வைக்கச் சொல்பவர்களுக்கு

"படிச்சவனுக்கு மட்டும் ஓட்டுரிமை கொடுத்தா நாடு உருப்படும்." ஒவ்வொரு தேர்தல் முடிவுக்குப் பிறகும் என் நண்பர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். நல்லவர்கள்தான், நிறைய வாசிக்கிறவர்கள்தான். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அரசியல் சட்டத்திலிருந்து நாலு கேள்வி கேட்டு, பாஸானவனுக்கு மட்டும் ஓட்டுன்னு வைக்கலாமே என்பார்கள். அந்தப் பரீட்சையை ஏற்கெனவே நடத்திப் பார்த்தாயிற்று. இடம், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம். எழுதியவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர்.

1917இல் பிறந்தவர். வாரத்துக்குப் பயிர் செய்த கறுப்பினக் குடும்பத்தின் இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி எடுக்க இறங்கினார். பருத்திக்காலம் போக மிஞ்சிய மாதங்களில்தான் பள்ளிக்கூடம். அதுவும் சில வருஷங்கள். எழுதப் படிக்கத் தெரிந்ததால் பண்ணையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பண்ணையாரின் தராசு ஏமாற்றும் என்பது அவருக்குத் தெரியும். அவர் பார்க்காத நேரத்தில் தன் எடைக்கல்லை மாற்றிப் போட்டு, கூலியாட்களுக்குச் சரியான எடை கிடைக்கச் செய்வார். 1961இல் கட்டியை அகற்ற மருத்துவமனைக்குப் போனபோது, அவரைக் கேட்காமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் 'எளிய பின்னணி' என்று ரெண்டு வரியில் பரிதாபப்பட்டுக் கடந்துவிடுகிறோம். எனக்கு அதில்தான் கோபம். அரசு என்றால் என்ன, உரிமை என்றால் என்ன என்பதை அவர் கற்ற இடமே இதுதான்.

1962 ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் பஸ்ஸில் இண்டியனோலாவுக்குப் போனார்கள். மாநில அரசியலமைப்பின் 16ஆம் பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார் பதிவாளர். எது சரியான விடை என்பது அவர் இஷ்டம். ஹேமர் ஃபெயில். திரும்பும் வழியில் பஸ்ஸின் மஞ்சள் நிறம் சரியில்லை என்று மறித்து அபராதம் போட்டது போலீஸ். அன்றிரவே பண்ணையார் வந்தார்: விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் வெளியே போ. 18 வருஷம் உழைத்த பண்ணையை விட்டு ஹேமர் வெளியேறினார்.

"பரீட்சையை நேர்மையா நடத்தினா சரியாயிடுமே?" என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் பிடுங்கிக்கொண்ட அதே அரசு, படிப்பில்லை என்று ஓட்டையும் பிடுங்குவதில் என்ன நேர்மை?

1963 ஜனவரியில் ஹேமர் தேறினார். ஆனாலும் தேர்தல் வரி கட்டிய ரசீது இல்லையென்று ஓட்டுப் போட விடவில்லை. அந்த ஜூனில் வினோனா சிறையில் அவரை அடித்து நொறுக்கினார்கள். 1964இல் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரானார். ஜனநாயகக் கட்சியின் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் அவர் சாட்சியம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேமராக்களைத் திருப்ப ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். தொலைக்காட்சிகள் அன்றிரவே அந்தச் சாட்சியத்தை ஒளிபரப்பின. 68 பேர் கொண்ட குழுவுக்கு ரெண்டே ரெண்டு இடம் தருகிறோம், அந்த ரெண்டு பேரையும் நாங்களே சொல்வோம் என்றது கட்சி மேலிடம். படித்த தலைவர்கள் பலர் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஹேமரும் தோழர்களும் மறுத்தார்கள். எடை குறைவதைக் கண்டுபிடிக்க அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்து அந்தப் பரீட்சையை நிறுத்தியது. மிசிசிப்பியில் சுமார் 7 சதவீதமாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1967க்குள் 60 சதவீதத்தை நெருங்கியது. ரெண்டே வருஷத்தில் அத்தனை பேரும் சட்ட மேதைகள் ஆகிவிட்டார்களா என்ன?

எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக இருந்தபோதுதான் நம் அரசியல் சட்டம் எல்லோருக்கும் ஓட்டுக் கொடுத்தது. அதைத் திருத்த வேண்டும் என்கிற நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கேள்வித்தாளை யார் தயாரிப்பது, விடைத்தாளை யார் திருத்துவது? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.