ஊசியும் உமிழ்நீரும்

சர்க்கரை நோயாளர் உள்ள வீடுகளில், விரல்நுனியில் ஊசி குத்தி ஒரு துளிக் குருதி எடுப்பது அன்றாடக் காட்சி. அவ்வூசிக்கு மாற்றாக உமிழ்நீரைக் கொண்டே நோயை அறியலாம் என்னும் செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவருகிறது. கேட்பதற்கு இனிய செய்திதான். ஆயினும் உமிழ்நீர்ச் சோதனை எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று பிரித்தறிந்த பின்னரே அதனை வரவேற்றல் வேண்டும்.

தேவை மிகப் பெரிது என்பதில் ஐயமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்த நாடு தழுவிய ஆய்வொன்றின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. அவ்வாய்வை முன்னின்று நடத்தியது சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக அவ்வாய்வு மதிப்பிட்டது. இந்நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. எனவே, "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சோதனையைத் தள்ளிப்போடுவோர் பலர். கண்ணோ சிறுநீரகமோ பழுதான பிறகே அவர்கள் மருத்துவரிடம் வருகின்றனர்.

குருதியல்லாத நீர்மங்களைக் கொண்டு இந்நோயை அறிய முயல்வது புதிதன்று. சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டு பண்டைய இந்திய மருத்துவர் இதனை அறிந்தனர். இந்திப் பாடத்தில் மாணவர் காணும் 'மதுமேஹ்' என்னும் சொல் அந்த இனிப்பைச் சுட்டுகிறது. தமிழ்ச் சொல்லாகிய 'நீரிழிவு' வேறொன்றைச் சுட்டுகிறது. இங்கு இழிவு என்பது தாழ்வு அன்று. இழிதல், அதாவது இறங்குதல். சிறுநீர் மிகுதியாகக் கழிவதைக் கண்டு வைத்த பெயர் அது.

இனி, உமிழ்நீருக்கு வருவோம். நலமுள்ள ஒருவரின் 100 மில்லிலிட்டர் குருதியில், வெறும் வயிற்றில், ஏறக்குறைய 70 முதல் 100 மில்லிகிராம் வரை சர்க்கரை இருக்கும். அதே அளவு உமிழ்நீரில் இருப்பதோ ஒரு மில்லிகிராம் அளவே. இத்துணைச் சிறிய அளவை அளக்கும்போது, பல்லிடுக்கில் தங்கிய ஓர் இட்லித் துணுக்கும் கணக்கைக் கெடுத்துவிடும். உமிழ்நீரிலுள்ள அமைலேசு என்னும் நொதி, சோற்றின் மாச்சத்தை வாயிலேயே சர்க்கரையாகச் சிதைக்கத் தொடங்குகிறது. வாயில் வாழும் நுண்ணுயிரிகளோ இருக்கின்ற சர்க்கரையை உண்டுவிடுகின்றன. போதாக்குறைக்கு, நீரிழிவு உள்ளோர் பலருக்கு வாய் வறண்டிருக்கும். சோதனைக்கு வேண்டிய உமிழ்நீரே சுரப்பதில்லை. குருதி அளவும் உமிழ்நீர் அளவும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை.

ஆகவே, உமிழ்நீர்ச் சோதனைக்கு உரிய இடம் முதற்கட்ட வடிகட்டல் ஆகும். ஊர்தோறும் முகாம் அமைத்து, ஐயத்திற்குரியோரை மட்டும் குருதிச் சோதனைக்கு அனுப்பலாம். அதிலும் ஒரு கட்டுப்பாடு தேவை. நோயில்லாத பத்துப் பேரை வீணாக அனுப்பினால் அவர்களுக்கு ஒருநாள் அலைச்சல். நோயுள்ள ஒருவரை "உமக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் அவர் பல ஆண்டுகளை இழப்பார். பின்னதைத் தவிர்க்காத கருவியை முகாமில் வைத்தல் தகாது.

நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் சிறுவர்களின் நிலை வேறு. ஒரு நாளில் பலமுறை விரலில் குத்திக்கொள்ளும் அவர்களே வலியில்லாத கருவியை அதிகம் விரும்புவர். ஆனால் கருவி பிழைபடின் அதிகம் துன்புறுவோரும் அவர்களே. குருதியில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியிருக்கும்போது கருவி 200 என்று காட்டினால், சிறுவன் இன்சுலினை இன்னும் ஏற்றிக்கொள்வான், மயங்கி விழுவான், உயிருக்கே ஊறு நேரலாம். குருதிக்கு நிகராக அளவு காட்டும் என்று உறுதியாகும் வரை, மருந்தின் அளவை உமிழ்நீரை நம்பி முடிவுசெய்தல் கூடாது.

முகாம்களில் வேறொரு தடையும் எழக்கூடும். குருதி கொடுக்கத் தயங்காதவர்கூடப் பலர் முன்னிலையில் கிண்ணத்தில் துப்பக் கூசுவார். எச்சில் என்றாலே விலகி நிற்பது நம் நாட்டார் வழக்கம். மறைவான ஓரிடமும் மூடியுள்ள சிறு குப்பியும் கொடுத்தால் அக்கூச்சம் பெரும்பாலும் தீரும். அறிவிப்புப் பலகையிலும் 'எச்சில் சோதனை' என்றெழுதாமல் 'உமிழ்நீர்ச் சோதனை' என்று எழுதுதல் நன்று.