கல்விச் சீருக்கும் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஊர்மக்கள் அரசுப் பள்ளிகளுக்குக் ‘கல்விச் சீர்’ கொண்டு செல்வது குறித்த தங்கள் கட்டுரையை மனமார வரவேற்கிறேன். காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்கிறேன். அன்றும் ஊர்தான் கொடுத்தது.

ஆனால் எது தேவை என்று கேட்காமல் கொடுப்பதில் பயனில்லை. எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் பெற்றோர் ஆசிரியர் கழகம் முதன்முறை சீர் விழா நடத்தியபோது சுவர்க்கடிகாரங்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் குவிந்தன. கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்க ஆளில்லை. மறு ஆண்டு தலைமையாசிரியர் தேவைப் பட்டியலை முன்பே பெற்றோரிடம் கொடுத்தார். தொட்டியும் குழாயும் வந்துசேர்ந்தன. கல்யாண வீட்டு மொய் நோட்டுப்போல யார் என்ன கொடுத்தார் என்று எழுதி, செலவுக் கணக்கையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். முன்பு ஒதுங்கி நின்றவர்களும் தாமாகவே தேடி வந்து கொடுத்தார்கள். தறிக்கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்த தாய்மார்களுக்கு அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டல்லவா?

எனவே, பள்ளி மேலாண்மைக் குழு தேவைப் பட்டியலைத் தீர்மானமாக நிறைவேற்றிய பிறகே நிதி திரட்ட வேண்டும். மாணவர் சேர்க்கையின்போது நன்கொடை கேட்டு யாரையும் வற்புறுத்தக் கூடாது. வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ நன்கொடைத் திட்டத்தைத் தெரியப்படுத்தலாம். வரவு செலவைப் பள்ளி வாசலில் வைப்பதைக் கல்வித்துறை கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அன்னூர்.