ஏலத்தில் எடுத்துவிட்டால் ஆட்டக்காரன் ஆகிவிடுவானா?

குற்றாலத்தில் சாரல் விழுந்தாலும் விழாவிட்டாலும், தென்காசி டீக்கடை பெஞ்சுகளில் ஒரு வாக்குவாதம் மட்டும் ஓய்வதில்லை. "ஐ.பி.எல்.லில் ஒரு பந்துகூட ஆடாத பையன்களுக்குத் தலைக்குப் பதினாலு கோடியா? சென்னை அணிக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்கிறார் ஒருவர். "எவன் வீட்டுப் பிள்ளைக்கோ நாலு காசு வந்தா உமக்கு ஏன் வே வயிறு எரியுது?" என்று சீறுகிறார் மற்றவர்.

இருவரும் நம்மவர்களே. ஆனால் இருவரும் பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள் என்பது நமது கருத்து.

நடந்தது என்ன? 2025-ஆம் ஆண்டுப் போட்டியில் சென்னை அணி கடைசி இடத்துக்குச் சரிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபியில் நடந்த ஏலத்துக்கு ரூ.43.40 கோடியுடன் போனது. அதில் ரூ.28.40 கோடியை இரண்டே பேர் மீது கொட்டியது. 20 வயது பிரசாந்த் வீர், 19 வயது கார்த்திக் சர்மா, ஆளுக்கு ரூ.14.20 கோடி. இருவருக்கும் குறித்திருந்த ஆரம்ப விலை 30 லட்சம்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த இளைஞர்கள் பெற்ற பணத்தின் மீது நமக்குத் துளியும் பொறாமை இல்லை. ஆட்டக்காரனும் உடம்பை விற்றுப் பிழைப்பவன்தான். முழங்கால் ஒருமுறை முறிந்தால் அவன் பிழைப்பும் முறியும். இருக்கும் சில ஆண்டுகளில் அவன் நாலு காசு பார்க்கட்டும்.

நாம் கேட்பது முதலாளிமார்களை! பஞ்சாலை வாசலில் நம் வீட்டுப் பிள்ளை போய் நின்றால், "அனுபவம் இல்லை, பழகட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் பயிற்சியாளன் என்றும் பதிலி என்றும் பெயர் சூட்டி அரைக்கூலி கொடுக்கும் வர்க்கமல்லவா இது? அனுபவம் இல்லாதவன் மீது திடீரென்று இத்தனை கருணை பிறந்தது எப்படி?

கருணையல்ல, தோழர்களே! இது சூதாட்டம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுவதுபோல் பேசுகிறார்கள். ஜெயித்தால் "எங்கள் தீர்க்கதரிசனம்" என்று மார்தட்டுவார்கள். தோற்றால் பழி பத்தொன்பது வயதுப் பையன் தலையில் விழும்.

பழைய கணக்கைப் பாருங்கள். 2021-இல் இதே சென்னை அணி, இந்திய அணிக்கு அதுவரை ஆடியிராத கிருஷ்ணப்பா கௌதமை ரூ.9.25 கோடிக்கு எடுத்தது. அந்தப் போட்டி முழுவதும் அவரை ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. அடுத்த ஆண்டு ஏலத்தில் அவர் விலை 90 லட்சம்! நம் தமிழகத்து வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பரில் பஞ்சாப் அணி ரூ.8.40 கோடிக்கு வாங்கியது. ஒரே ஓர் ஆட்டம், காயம், கைகழுவல். பாதிக்கும் குறைந்த விலைக்குக் கொல்கத்தா அணிக்குப் போன பிறகுதான் அவர் திறமை உலகுக்குத் தெரிந்தது.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் கதை இன்னும் தெளிவானது. தறிக் கூலியின் மகன். பந்து வீசும் முறை சரியில்லை என்று 2015-இல் புகார் வந்தபோது, பயிற்சியாளர்கள் துணையோடு உழைத்து அதைத் திருத்திக்கொண்டார். 2017-இல் பஞ்சாப் கொடுத்த விலை 3 கோடி. மறு ஆண்டே 40 லட்சத்துக்கு ஹைதராபாத் அணிக்குப் போனார். இரண்டு ஆண்டுகள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தார். 2020-இல் 16 விக்கெட் எடுத்தார். அவ்வாண்டுக் கடைசியில் தொடங்கிய ஆஸ்திரேலியப் பயணத்திலேயே மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடினார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கோடி ரூபாய் விலை எவனையும் ஆட்டக்காரனாக்கவில்லை. கற்றுக்கொடுத்த கையும், காத்திருந்த காலமுமே ஆக்கின. நடராஜன் இதை உணர்ந்தவர். அதனால்தான் தன் கிராமத்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் கட்டினார். 2023-இல் அது திறக்கப்பட்டது.

"அவர்கள் பணம், அவர்கள் வியாபாரம், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். யார் பணம் ஐயா? 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுகளுக்கு இந்தப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை ரூ.48,390 கோடிக்கு விற்கப்பட்டது. அதை விளம்பரக் கம்பெனிகளிடம் வசூலிக்கிறார்கள். கம்பெனிகளோ சோப்புக்கட்டியிலும் செல்போன் கட்டணத்திலும் நம்மிடம் வசூலிக்கின்றன. பீடி சுற்றும் நம் சகோதரி கொடுக்கும் காசும் அதில் உண்டு.

ஆகவே, புதியவனுக்குப் பணம் போடலாமா என்றால், தாராளமாகப் போடு என்பதே நமது பதில். ஆனால் விதையில் ஒன்றைப் பொறுக்கித் தங்கமுலாம் பூசுகிறவனை விவசாயி என்று எவனாவது சொல்வானா? நாற்றங்கால் போடுகிறவனே விவசாயி. ரூ.28.40 கோடியில் தலைக்கு ஒரு லட்சம் வீதம் 2,840 இளைஞர்களை ஓர் ஆண்டு பயிற்றுவிக்கலாம்! 2008-இல் சென்னை அணியை வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை நமது தாழையூத்தில் எழுந்ததுதான். அந்தச் சங்கர் நகர் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் செங்கோட்டைப் பிள்ளையும் கடையநல்லூர்ப் பிள்ளையும் அறுவடை முடிந்த வயலில் ரப்பர் பந்தோடுதானே நிற்கிறார்கள்?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஏலச் செய்தியைப் பார்த்து மயங்கி, தாலியை அடகு வைத்து மகனைப் பட்டணத்துப் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பாதீர்கள். ஒருவனுக்குப் பதினாலு கோடி விழும்போது, பேர் வராமல் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். தாலுகாவுக்கு ஒரு மைதானம், சம்பளம் பெறும் ஒரு பயிற்சியாளர், இலவசமாக மட்டையும் பந்தும் வேண்டும் என்று கிரிக்கெட் சங்கத்தையும் அணி முதலாளிகளையும் கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் சிரிப்பார்கள். ஊராகத் திரண்டு கேட்போம்!