மண்டியிட்ட யானை

"சாமி, கடவுளே இல்லை என்றவர் எழுதிய நூல் உங்கள் மேசையில் இருக்கலாமா?" என்று பங்கு மக்களுள் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். அவர் சுட்டியது, போர்த்துக்கீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகோ 2008-இல் வெளியிட்ட 'யானையின் பயணம்' என்னும் வரலாற்றுப் புதினத்தை. 1998-இல் நோபெல் பரிசு பெற்ற இவர், இயேசுவைப் பற்றி 1991-இல் எழுதிய புதினத்தால் நம்மவரைப் புண்படுத்தியவர்தாம். அதற்காக இந்நூலையும் ஒதுக்க வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

1551-இல் போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் யோவான், ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனுக்கு யானை ஒன்றைப் பரிசளித்தார். கீழ்த்திசையிலிருந்து லிஸ்பனுக்கு வந்திருந்த அவ்விலங்கு ஸ்பெயினைக் கடந்து, கப்பலேறி இத்தாலி சென்று, ஆல்ப்ஸ் மலையையும் தாண்டி 1552-இல் வியன்னாவை அடைந்தது. இது வரலாறு.

புதினத்தில் யானை பதுவை நகரை நெருங்குகிறது. புனித அந்தோனியார் பேராலயக் குரு ஒருவர் பாகனிடம் வருகிறார். லூத்தரைப் பின்பற்றுவோரை வாயடைக்கப் புதுமை ஒன்று வேண்டும். பேராலய வாயிலில் யானை மண்டியிட வேண்டும் என்கிறார். பாகன் பழக்குகிறான், யானை மண்டியிடுகிறது, மக்கள் மெய்சிலிர்க்கின்றனர். பின்னர் யானையின் மயிரே வழுக்கைக்கு மருந்தாக விலைபோகிறது!

நம் கோடி அற்புதரை இது இழிவுபடுத்துகிறது என்பது குற்றச்சாட்டு. இழிவுபடுவது புனிதரா? அந்தோனியார் வரலாற்றில் கோவேறு கழுதை ஒன்று வருவதை நாம் அறிவோம். மூன்று நாள் பட்டினி கிடந்தும், தீவனத்தை ஏறெடுத்துப் பாராமல் நற்கருணைமுன் அது மண்டியிட்டதாக மரபு சொல்கிறது. அதை யாரும் பழக்கவில்லை. யானையோ பழக்கப்பட்டது. விசுவாசத்திற்கும் வித்தைக்கும் உள்ள தொலைவு இதுவே.

அந்த யானை நடந்த காலத்தில் கூடியிருந்த திரெந்து பொதுச்சங்கமே, 1563 டிசம்பரில், ஆயரின் ஆய்வும் ஒப்புதலுமின்றிப் புதிய அற்புதங்களை ஏற்கலாகாது என்றும், புனிதர் வணக்கத்தில் இழிந்த ஆதாயம் தேடலாகாது என்றும் விதித்தது. சரமாகோ எள்ளி நகையாடியதைத் திருச்சபை 445 ஆண்டுகளுக்கு முன்பே கண்டித்துவிட்டது. கண்டித்ததை நாம் கடைப்பிடித்தோமா?

ஒத்திகை பார்க்கப்பட்ட சாட்சியங்கள், விலை குறித்த எண்ணெய்ப் புட்டிகள், தேதி குறித்து அறிவிக்கப்படும் அற்புதங்கள் ஆகியன நம்மிடையே இல்லையா? மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெய்ப் புட்டியை நம்பிய தாய் ஒருவரின் குழந்தையை நான் அடக்கம் செய்திருக்கிறேன். ஆலய வாசலில் அந்த எண்ணெய் விற்கப்பட்டபோது வாய் திறவாதிருந்தவனும் நானே. நாத்திகரின் நூல் அந்தக் குழந்தைக்கு எத்தீங்கும் செய்யவில்லை.

சரமாகோவிடமும் குறையுண்டு. பேராலய வாயிலில் கூடிய கூட்டத்தை ஏமாளிகளாகவே காண்கிறார். அக்கூட்டத்தில் கண்ணீரோடு மன்றாடும் ஏழையின் செபம் அவர் காதில் விழவில்லை. அந்தச் செபத்தை அறிந்தவர்கள் நாம். ஆகவே அதை விற்பனைப் பொருளாக்குவோரைத் தட்டிக்கேட்கும் கடமையும் நமக்கே உரியது; அதை நாத்திகரிடம் விட்டுவைத்தது நம் பிழை.

1553-இல் அந்த யானை இறந்தது. மண்டியிட்ட முன்னங்கால்களை வெட்டி, அரண்மனை வாயிலில் கைத்தடிகளும் குடைகளும் வைக்கும் கலமாக்கினர் என்று புதினம் முடிக்கிறது. விசுவாசத்தைக் கருவியாக்குவோர் கையில் விசுவாசிக்கும் இந்த முடிவே நேரும். அன்பர்களே, நூலை மூடுமுன் நம் ஆலய வாசலைச் சற்றே பாருங்கள்.