பூட்டிய கார்டுகளைத் திறந்து விடுங்கள்

2017 ஜூன் மாதம் என்விடியா நிறுவனத்தின் பி106-100 என்ற கார்டு சந்தைக்கு வந்தது. கேம் ஆடுபவர்கள் தேடித்தேடி வாங்கிய ஜிடிஎக்ஸ் 1060 கார்டில் உள்ள அதே சிப், அதே 1280 கோர்கள், அதே 6 ஜிபி நினைவகம். ஆனால் மானிட்டர் கேபிளைச் செருக அதில் ஓர் இடம்கூடக் கிடையாது. கிரிப்டோ மைனிங்குக்கு மட்டும் என்று செய்யப்பட்ட கார்டு அது. அடுத்து, ஜிடிஎக்ஸ் 1070 கார்டின் குடும்பத்தில் பி104-100 வந்தது. 2021 பிப்ரவரியில் சிஎம்பி என்ற பெயரில் ஒரு வரிசையையே என்விடியா அறிவித்தது.

நிறுவனத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டுகளில் கடைக்கு வந்த கேமிங் கார்டுகளை மைனிங் செய்பவர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். சொந்தக் காசைச் சேர்த்து ஒரே ஒரு கார்டு வாங்க நினைத்த கல்லூரி மாணவனுக்கு அது கிடைக்கவில்லை. மைனிங்குக்குத் தனி கார்டு கொடுத்தால் அந்தக் கூட்டம் விலகும் என்பது கணக்கு. மானிட்டர் இணைப்புகள் இல்லாததால் காற்றோட்டம் கூடும், கார்டுகளை நெருக்கி அடுக்கலாம் என்றும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான்.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் தன் முறையை மாற்றியது. அதன்பின் எத்தீரியத்துக்கு கிராபிக்ஸ் கார்டு மைனிங்கே தேவைப்படவில்லை. அதுவரை மைனிங்கில் ஓடிய சாதாரண கேமிங் கார்டைத் துடைத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றி, செகண்ட் ஹேண்டில் விற்றுவிடலாம். மைனிங்குக்கென்றே பிறந்த கார்டுக்கு அந்த வழி இல்லை. சிப் நன்றாக இருக்கும்போதே அது குப்பைக்குப் போக வேண்டியிருந்தது.

அதை ஏற்காத ஆர்வலர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். அவர்கள் கண்ட வழி எளிமையானது. படத்தைக் கணக்கிடும் வேலையை மைனிங் கார்டு செய்யட்டும். கணக்கிட்ட படத்தை மானிட்டருக்கு அனுப்பும் வேலையைப் பிராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் செய்யட்டும். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்புகளில் பல ஆண்டுகளாக நடப்பது இதுதான். எந்த கேம் எந்தக் கார்டில் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி 2018-இல் விண்டோஸ் 10-க்குள்ளேயே வந்தது. டிரைவர் கோப்பைத் திருத்தி, ரெஜிஸ்ட்ரியில் சில பதிவுகளை மாற்றியதும் பி106-இல் கேம்கள் ஓடத் தொடங்கின.

ஆனால் அதோடு தடைகள் தீரவில்லை. திருத்திய டிரைவருக்கு நிறுவனத்தின் கையொப்பம் இல்லாததால், அதை நிறுவ விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டியிருந்தது. அப்படித் தளர்த்திய கணினியை ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உள்ள சில ஆன்லைன் கேம்கள் உள்ளே விடுவதில்லை. இன்னொரு தடை, கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான பாதை. பி104-100 போன்றவற்றில் அது பிசிஐ எக்ஸ்பிரஸ் 1.1 வேகத்தில், நான்கு லேன்களோடு நிறுத்தப்பட்டது. ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 1 ஜிபிதான் போகும். 1080பி அளவில் விநாடிக்கு 60 படங்களைத் திருப்பி அனுப்பவே அதில் பாதி செலவாகிவிடும். சில கார்டுகளில் மீதி லேன்களுக்கான கெபாசிட்டர்கள் மட்டும் பொருத்தப்படாமல் விடப்பட்டிருந்தன. கைப்பழக்கம் உள்ளவர்கள் கடுகிலும் சிறிய அந்தக் கெபாசிட்டர்களைச் சாலிடர் செய்து 16 லேன்களையும் மீட்டார்கள். 4 ஜிபி என்று விற்ற பி104 கார்டுகள் பலவற்றில், பயாஸ் மாற்றியதும் 8 ஜிபி நினைவகம் வெளிப்பட்டது.

வாங்கியவனிடம் ஏற்கெனவே இருந்த நினைவகத்தை அவனிடமிருந்தே மறைத்து வைத்திருந்தார்கள் என்பதுதான் இதற்குப் பொருள். எனக்கு இது கோபத்தைத் தருகிறது. மைனிங் நடந்த காலத்தில் அந்தப் பூட்டுக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். மைனிங் முடிந்த பிறகும் பூட்டு தொடர ஒரு காரணமும் இல்லை.

பூட்டு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பிசி-250 என்ற பலகை சாட்சி. ஏஎம்டி செய்த பிளேஸ்டேஷன் 5 சிப்பைக் குறைத்து, 6 கோர்களும் 16 ஜிபி நினைவகமுமாக மைனிங்குக்காக விற்ற பலகை அது. ஏஎம்டி சிப்புகளுக்கான லினக்ஸ் டிரைவர் திறந்த மூலத்தில் இருப்பதால், ஆர்வலர்களே அந்தப் பலகைக்கு வேண்டிய ஆதரவை அதில் சேர்த்தார்கள். இன்று அது லினக்ஸில் கேம் ஆடும் கணினியாகப் பயன்படுகிறது. கள்ள டிரைவரும் தேவைப்படவில்லை, கணினியின் பாதுகாப்பைத் தளர்த்தவும் தேவைப்படவில்லை.

விலை குறைவு என்று இப்படி ஒரு கார்டை வாங்க நினைப்பவர்கள் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். உங்கள் பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்க வேண்டும். எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் அது வேலை செய்யாது. நீங்கள் ஆடும் கேம் திருத்திய டிரைவரை ஏற்குமா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இரவு பகலாக ஓடிய கார்டு என்பதால் ஃபேனையும் தெர்மல் பேடையும் மாற்றும் செலவைச் சேர்த்தே விலை பேசுங்கள். யாரோ பதிவேற்றிய டிரைவரை நிறுவுகிறீர்கள் என்பதால், வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

வாங்குகிறவர்கள் இவ்வளவு பாடுபடத் தேவையே இல்லை. கையொப்பமிட்ட ஒரு டிரைவரையும் கட்டுப்பாடு நீக்கிய ஒரு பயாஸையும் என்விடியா வெளியிட்டால் போதும். புதிய தொழிற்சாலை வேண்டாம், புதிய சிப் வேண்டாம். விற்று முடித்து, ஆதரவையும் நிறுத்திய பொருளைப் பூட்டி வைக்கும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இருக்கக் கூடாது. பழுது பார்க்கும் உரிமைக்காகக் குரல் கொடுப்பவர்கள் பூட்டைத் திறக்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.