செருப்பைக் காட்டினால் சிரிப்பு வருமா?

டி.வி. காமெடியில் வசனம் தீர்ந்துபோகும்போது கைகொடுக்கச் சில பொருள்கள் எப்போதும் தயாராக இருக்கும். பூரிக்கட்டை, துடைப்பம், வாழைப்பழத் தோல், அப்புறம் செருப்பு. மாமனார் முறைத்தாலும் செருப்பு, கடன்காரர் கதவைத் தட்டினாலும் செருப்பு. 'பிஞ்ச செருப்பு...' என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பின்னணியில் சிரிப்பொலி எழுந்துவிடும்.

அந்தச் சிரிப்பொலி யாருடையது? அமெரிக்காவில் 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவுசெய்த சிரிப்புகளையெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடைத்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் புன்சிரிப்பு, இன்னொன்றை அழுத்தினால் குபீர்ச் சிரிப்பு. 'இந்த இடத்தில் சிரிக்க வேண்டும்' என்று வீட்டில் இருப்பவருக்கு டி.வி. சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அந்தப் பெட்டியால்தான் பரவியது. ஆனால், வீட்டில் இருப்பவர் நிஜமாகவே சிரித்தாரா, அல்லது முகம் சுருங்கி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாரா என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. இன்றைய டி.ஆர்.பி. கணக்கும் அதே கதைதான். டி.வி. ஓடியதா, யார் பார்த்தார்கள் என்று சொல்லும். மனசு என்ன ஆனது என்று சொல்லாது.

செருப்பு ஜோக்கை ஆம்பூரில் உட்கார்ந்து பார்த்தால் இந்த வித்தியாசம் புரியும்.

வசவா, சம்பளமா?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களில் விடிந்தும் விடியாமலும் ஷூ கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகக் கிளம்பும். டிபன் பாக்ஸும் கையுமாக ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோலை அளந்து வெட்டுவது ஒருவர், ஓரத்தை மெல்லியதாகச் சீவுவது இன்னொருவர், அப்பரைத் தைப்பது வேறொருவர். காலின் அச்சான லாஸ்ட்டில் அதை இழுத்து மாட்டி, அடியில் சோல் ஒட்டி, பாலிஷ் போட்டு, பெட்டியில் வைக்கும்வரை ஒரு ஜோடி ஷூ எத்தனையோ கைகள் மாறும்.

1970-களில் பாதி பதப்படுத்திய தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன் பிறகுதான் இந்த வட்டாரம் தோல் மண்டியாக மட்டும் நின்றுவிடாமல் ஷூ அப்பர், முழு ஷூ என்று வளர்ந்தது. இங்கே தைத்த ஷூக்கள் ஜெர்மனி, அமெரிக்கா, இங்கிலாந்து, இத்தாலி என்று கப்பலேறுகின்றன. இதற்குப் பாலாறு கொடுத்த விலை தனிக்கதை. தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஆக, இந்த ஊர்களில் செருப்பு என்பது வசவுக்கு முன்னால் சம்பளம். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம், ரம்ஜானுக்கோ தீபாவளிக்கோ எடுக்கும் துணி எல்லாம் அதிலிருந்துதான் வரவேண்டும். எட்டு மணி நேரம் செருப்பும் ஷூவும் தைத்துவிட்டு வந்து டி.வி.யைப் போட்டால், அங்கே ஒருவர் இன்னொருவரை அவமானப்படுத்த அதையே தூக்கிக் காட்டுகிறார்.

அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா? தாராளமாகச் சிரிப்பார்கள். தெருச் சண்டையில் அதே வார்த்தையைச் சொல்லவும் சொல்வார்கள். பழகிய ஜோக்குக்குப் பழகிய சிரிப்பு. ஆனால், தங்கள் தொழிலை டி.வி.யில் வேறு எப்படியாவது பார்த்திருக்கிறார்களா? மெக்கானிக், ஆட்டோ டிரைவர், சமையல்காரர் எல்லோருமே தமிழ் காமெடியில் நாயகர்களாக வந்துவிட்டார்கள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் பெண்ணை நாயகியாக வைத்து ஒரு சிட்காம் வந்ததா என்று யோசித்தால், சட்டென்று ஒரு பெயர்கூட நினைவுக்கு வராது.

செருப்புக்கடை நாயகன்

அமெரிக்காவில் அப்படி ஒரு நாயகன் இருந்தான். 1987 முதல் 1997 வரை 250-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் ஓடிய 'மேரீட் வித் சில்ரன்' சிட்காமின் அல் பண்டி. எட் ஓ'நீல் நடித்த இந்தப் பாத்திரத்துக்கு, சிகாகோவில் பெண்களுக்கான ஷூ கடையில் விற்பனையாளர் வேலை. பள்ளி நாள்களில் ஒரே ஃபுட்பால் ஆட்டத்தில் நான்கு டச்டவுன் அடித்ததுதான் வாழ்க்கையில் அவனுடைய ஒரே சாதனை. அதைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுவான். கடையில் மண்டியிட்டு அடுத்தவர் காலில் ஷூ மாட்டிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தால் சமைக்காத மனைவி, பர்ஸைக் காலி செய்யும் பிள்ளைகள். டி.வி. குடும்பம் என்றாலே அன்பும் அரவணைப்பும் என்றிருந்த காலத்தில், இப்படி ஒரு குடும்பம் வந்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. ஸ்டூடியோவில் நேரில் உட்கார்ந்திருந்த ரசிகர்கள், பாத்திரங்கள் உள்ளே நுழையும்போதே சத்தம் போட்டு வரவேற்பார்கள்.

இந்தத் தொடரின் ஒரு எபிசோடுக்குக் கிளம்பிய எதிர்ப்பு டி.வி. வரலாற்றில் பேர் வாங்கிவிட்டது. 1989 ஜனவரி 15 அன்று ஒளிபரப்பான கதையில், மனைவிக்கு உள்ளாடை வாங்கக் கடைக்குப் போகிறான் அல் பண்டி. அங்கே நடக்கும் கூத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த மிச்சிகன் மாநிலத்துத் தாய் ஒருவருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. டெரி ரகோல்டா என்பது அவர் பெயர். சேனலுக்கு எழுதுவதோடு நிற்காமல், அந்தத் தொடருக்கு விளம்பரம் கொடுத்த பெரிய கம்பெனிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். சில கம்பெனிகள் விளம்பரத்தை விலக்கிக்கொண்டன. செய்தி 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கம்வரை போனது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 'அப்படி என்னதான் காட்டுகிறார்கள்?' என்று பார்க்க ஊரே திரண்டது. தொடரின் ரேட்டிங் ஏறியது. அவருக்கு நன்றி சொல்லித் தயாரிப்பாளர்கள் ஆண்டுதோறும் பழக்கூடை அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆனாலும், சேனல் உள்ளுக்குள் பயந்துதான் போனது. அப்போது எடுத்து வைத்திருந்த வேறொரு எபிசோடைப் பெட்டியில் போட்டுப் பூட்டியது. அமெரிக்க டி.வி.யில் அது வெளியானது 2002-ல்தான்.

இத்தனை களேபரத்திலும் ஒரு தரப்பின் குரல் மட்டும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்தத் தொடர் வாரா வாரம் கேலி செய்தது செருப்புக்கடை ஊழியரை. ஆபாசம் என்று ஒரு தாய் கோபப்பட்டார், கருத்துச் சுதந்திரம் என்று இன்னொரு கூட்டம் பதில் சொன்னது. நிஜமாகவே மண்டியிட்டு ஷூ மாட்டிவிட்டுக் குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் அல் பண்டியைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பது அந்தச் சண்டையில் ஒரு விஷயமாகவே இல்லை.

ஆனாலும், அல் பண்டிக்கு ஒரு பெருமை உண்டு. அவன் தோற்றுப்போன ஆள்தான். ஆனால் கதை அவனுடையது. அவனுடைய அலுப்பு, கோபம், வீட்டுச் செலவு எல்லாம் கதைக்குள் இருந்தன. அதனால்தான் எத்தனையோ நாடுகள் அவனைத் தத்தெடுத்தன. அர்ஜென்டினா, ரஷ்யா என்று தொடரை மறுபடி எடுத்த இடங்களிலும் நாயகனுக்குச் செருப்பு விற்கும் வேலைதான். ஆம்பூர் ஷூக்களைப் பெருமளவில் வாங்கும் ஜெர்மனியிலும் இந்தத் தொடருக்கு ஏராளமான ரசிகர்கள்.

மன்றம் இல்லாத ரசிகர்கள்

நம் ஊருக்கு வருவோம். விஜய் டி.வி.யில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா'வை யாரும் மறந்திருக்க முடியாது. சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா என்று ஒரு பட்டாளமே வந்து, பெரிய பெரிய படங்களையெல்லாம் பிரித்து மேய்ந்தது. அங்கிருந்து 2004-ல் 'மன்மதன்' படத்துக்குப் போன சந்தானம் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது ஊருக்கே தெரியும். சன் டி.வி.யின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் எம்.எஸ்.பாஸ்கர் நடித்த பட்டாபி இன்னொரு ரகம். கோணல்மாணலான பேச்சிலேயே வீடுகளுக்குள் நுழைந்த பாத்திரம் அது.

'லொள்ளு சபா' ஒரு ஸ்டார் படத்தைக் கிண்டல் செய்தால், அந்த ஸ்டாரின் ரசிகர்கள் கொதித்ததும் உண்டு. 'எங்க தலைவரையா?' என்று கேட்க ஓர் ஆள், ஒரு கூட்டம், ஒரு மன்றம் இருந்தது. செருப்பை வைத்துக் கிண்டல் செய்தால் கேட்க எந்த மன்றமும் கிளம்புவதில்லை. நாயகனுக்காகக் கோபப்பட நாம் பழகிய அளவுக்கு, நம் தொழிலுக்காகக் கோபப்படப் பழகவில்லை.

இதில் தொழில் மட்டும் இல்லை. செருப்பு ஏன் அவமானச் சின்னமானது? தோலைத் தொட்ட கைகளைத் தீட்டு என்று சொல்லி ஊருக்கு வெளியே நிறுத்திய பழைய வழக்கம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. யார் செருப்புப் போடலாம், எந்தத் தெருவில் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றுகூட ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. 'இருந்தது' என்று சொல்லி நிம்மதி அடையவும் முடியாது. 2023 டிசம்பரில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பகுதியின் ராஜாவூரில் தலித் மக்கள் சுமார் 60 பேர், அதுவரை தாங்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாமல் இருந்த தெருவில் செருப்போடு நடந்தார்கள். அது செய்தியானது. தெருவில் நடப்பதே செய்தியாகும் ஊரில், செருப்பு ஜோக் வெறும் ஜோக்காக இருக்க முடியுமா? பட்டியல் சாதி, பழங்குடியினருக்குச் செருப்பு மாலை போடுவது வன்கொடுமை என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுத 2015-ல் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. திரையில் செருப்பு மாலை இன்னும் காமெடிக் காட்சியாக வருகிறது.

சாப்பிட்ட ஷூ

அதற்காகச் செருப்பை வைத்துச் சிரிக்கவே கூடாதா? சிரிக்கலாம். சிரிக்க வைத்த மகாராஜா ஒருவர் இருக்கிறார். 1925-ல் வந்த 'தி கோல்டு ரஷ்' படத்தில், பனியில் மாட்டிக்கொண்டு பசி தாங்காத சார்லி சாப்ளின் தன் ஷூவையே வேகவைத்துச் சாப்பிடுவார். லேஸை நூடுல்ஸ் மாதிரிச் சுற்றிச் சுற்றி வாயில் போடுவார். ஆணியைக் கோழி எலும்பு மாதிரிச் சப்புவார். படப்பிடிப்புக்காக அதிமதுரத்தில் செய்யப்பட்ட ஷூ அது. பார்க்கிறவருக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். ஆம்பூர் பிரியாணியை ஒரு பிடி பிடிக்கிறவரும் அந்தக் காட்சியில் ஒரு நொடி கையை நிறுத்துவார்.

சாப்ளின் ஷூவை வைத்து யாரையும் அடிக்கவில்லை. பசியைக் காட்டினார். அந்த ஷூ கீழானது என்ற எண்ணமே பார்க்கிறவருக்கு வராது. ஜோக் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். செருப்பை வைத்து எழுதுவதில் தப்பில்லை. அதைத் தைக்கிற கை கீழானது என்ற நினைப்பை அடியில் வைத்துத் தைக்கும்போதுதான் ஜோக் காலைக் கடிக்கிறது.

தமிழுக்கு இது புதிதும் அல்ல. ராமனின் பாதுகையைத் தலையில் சுமந்துவந்து சிம்மாசனத்தில் வைத்த பரதனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செருப்புக் காலால் சிவலிங்கத்தில் அடையாளம் வைத்துக்கொண்டு கண்ணைப் பிடுங்கக் கிளம்பிய கண்ணப்பரை நாயன்மாராக்கிக் கும்பிடுகிறோம்.

ஆபாசம் என்றால் புகார் எழுதலாம், தலைவரைத் தொட்டால் கொடி பிடிக்கலாம். இந்த விஷயத்துக்கு இரண்டுமே வேண்டாம். ரகோல்டா கதையில் பார்த்தோமே, தடுக்கப் போனால் ரேட்டிங்தான் ஏறும். அதைவிடச் சுலபமான வழி, வீட்டில் இருக்கிறவர்கள் வாயைத் திறப்பது. டி.வி. பார்க்கும்போது மகளோ பேரனோ 'இதுல என்னம்மா காமெடி?' என்று கேட்டால், 'சும்மா பாரு' என்று அடக்காமல் பதில் சொல்லலாம். ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாவாக இருந்தால் பதில் இன்னும் நன்றாக இருக்கும். ஒரு அப்பரில் எத்தனை தையல், ஊசி விரலில் ஏறினால் எப்படி வலிக்கும், எக்ஸ்போர்ட் ஆர்டர் வந்தால் ஓ.டி. எத்தனை நாள், பஸ்ஸில் அடிக்கும் அரட்டை என்ன... ஒரு சிட்காமுக்குத் தேவையான சிரிப்பு அத்தனையும் அதில் இருக்கிறது. எழுத ஆள் வர வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய உதவி செய்தவரைப் பார்த்து நம் பாட்டிமார்கள் சொல்வார்கள்: 'என் தோலைச் செருப்பாத் தைச்சுப் போட்டாலும் உன் கடன் தீராது.' நன்றியின் உச்சத்தைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வார்த்தையும் செருப்புதான். காமெடி எழுதுகிறவர்களுக்கு இந்த வசனம் இன்னும் கண்ணில் படவில்லை.