மூச்சை எண்ணிப் பாருங்கள்!

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் இருக்கிறது பெருமுக்கல். அங்குள்ள மலையின் மேலே பழைய சிவன் கோயில் இருக்கிறது. கோயிலைப் பலருக்குத் தெரியும். இந்த வட்டாரத்தின் ஏரிக்கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் இருக்கும் இருளர் குடிசைகளைத் தெரிந்தவர்கள் குறைவு.

அப்படிப்பட்ட குடிசைக்குள் குனிந்துதான் போக வேண்டும். ஒரு மூலையில் விறகு அடுப்பு. புகை வெளியே போக வழி கிடையாது. மழைக் காலத்தில் தரையெல்லாம் ஈரம். கைக்குழந்தைக்குச் சளி பிடிக்கிறது. இரண்டு நாளில் மூச்சு இரைக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். "விடிந்ததும் பார்க்கலாம்" என்று இருந்துவிடுகிறாள்.

விடிவதற்குள் குழந்தையின் நிலை மோசமாகிவிடலாம். அதன் பெயர்தான் நிமோனியா!

2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 5 வயது நிரம்பாத சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகளை இந்த நோய் கொன்றது. இத்தனைக்கும் இது மருந்தில்லாத நோய் அல்ல. பெரும்பாலான குழந்தைகள் விலை மலிவான மாத்திரையிலேயே பிழைத்துவிடும். ஆனால் அதைக் காலத்தோடு கொடுக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைக் கழற்றுங்கள். வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுங்கள். 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. எண்ணிக்கை இதை எட்டினாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். 2 மாதம் நிரம்பாத குழந்தையானால் நேரே ஆஸ்பத்திரிதான். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது.

எழுதப் படிக்கத் தெரியாத தாய் 50 வரை எண்ணுவாளா?

இந்தக் கேள்விக்கு மராட்டிய மாநிலத்தில் விடை கிடைத்தது. கட்சிரோலி மாவட்டத்தில் பழங்குடி மக்கள் அதிகம். அங்கே டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் 1988-ல் ஒரு முயற்சி தொடங்கினார்கள். கிராமத்து ஊழியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் நிமோனியாவைக் கண்டறியவும் மருந்து கொடுக்கவும் பழக்கினார்கள். பள்ளிக்கூடம் போகாத மருத்துவச்சிகளுக்காக ஒரு மணிச்சட்டமும் செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். ஒரு நிமிஷ மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் நிமோனியா. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும்!

திட்டம் நடந்த கிராமங்களில் நிமோனியாச் சாவு, நடக்காத கிராமங்களில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. 1990-ல் லான்செட் என்ற மருத்துவ ஏடு இதை வெளியிட்டது.

பெருமுக்கல் பக்கத்திலும் இதைச் செய்யலாமே! இருளர் பெண்களிலேயே குடியிருப்புக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பழக்கலாம். மருந்தையும் அவரிடமே கொடுத்து வைக்கலாம். திண்டிவனத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கட்டடங்களுக்குக் குறைவில்லை. குடிசைக்கும் கட்டடத்துக்கும் நடுவில்தான் ஆள் இல்லை. பழங்குடியினர் என்றாலே அதிகாரிகளுக்கு மலைதான் நினைவுக்கு வருகிறது. இருளர்களோ சமவெளியில், பத்து வீடு இங்கே, ஐந்து வீடு அங்கே என்று சிதறிக் கிடக்கிறார்கள்.

ஊசி எங்கே போடுவது?

நிமோனியாவைத் தடுக்க ஊசியும் உண்டு. நியுமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் இலவசம். 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என்று மூன்று தவணை. ஆனால் மழை ஓய்ந்ததும் முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடுகின்றன. முதல் ஊசி இந்த ஊரில். இரண்டாவது ஊசிக்குச் செவிலியர் வரும்போது குடிசை பூட்டிக் கிடக்கிறது. குழந்தை வேறு மாவட்டத்தில் சூளைப் புகையில் தூங்குகிறது.

செவிலியர்கள் சூளைகளுக்கே போக வேண்டும். முதலாளிகள் அன்றைக்குத் தாய்மாருக்குக் கூலி பிடிக்காமல் ஒரு மணி நேரம் விட வேண்டும். மூட்டை கட்டும்போது தாய் அரிசியோடு தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டை தொலைந்து போயிருந்தாலும், "எந்த ஊர்? போய் அங்கேயே போட்டுக்கொள்" என்று அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது.